பெருந்தலை மீனுக்கு ஒரு குடும்பம்

அந்தப் பாட்டில்கள் எங்கள் கல்லூரிக்கு ஒரு குட்டி யானை வண்டியில் வந்து இறங்கின. வெளியூரில் ஒரு பழைய கல்லூரி தன் விலங்கியல் அருங்காட்சியக அறையை இடித்துக் கட்டப்போகிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் துறைத்தலைவர் யோசிக்காமல் சரி என்றுவிட்டார். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் யோசித்தார். வைக்கோலுக்கு நடுவே கண்ணாடிப் பாட்டில்கள். பலவற்றில் ஃபார்மலின் வற்றிக் கஷாய நிறமாகியிருந்தது. ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் கழன்று, உள்ளே விழுந்து, கூழாகிக் கிடந்தன.

"இன்னாங்க மேடம் இது, பொணவறை மாதிரி இருக்குது" என்றார் என்னைப் பார்த்து.

நான் அங்கே கௌரவ விரிவுரையாளர். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எம்.ஃபில். முடித்து, ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிந்து, பிள்ளைகள் பிறந்ததும் அதை விட்டுவிட்டு, அவர்கள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்கு வந்திருந்தேன். என்னைப் போலவே இன்னொருத்தி, சின்னசேலம் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்துப் பெண், துறையில் இருந்தாள். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். எங்கள் இருவருக்கும் மீன்கள் மேல் பைத்தியம். எனவே அந்த வண்டியைப் பார்த்து துறைத்தலைவர் முகம் சுருங்கியபோது எங்கள் இருவர் முகமும் மலர்ந்தது.

துறைத்தலைவர் கெட்டவர் அல்ல. இடம் இல்லாத கல்லூரியில் இடத்துக்காகத் தினமும் சண்டை போடுகிறவர். அன்றைக்கே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆய்வுக்குழு வரப்போவுது. அதுக்குள்ள எல்லாத்துக்கும் பேர் எழுதி, வகைப்படுத்தி, அடுக்கிடுங்க. பேர் தெரியாத பாட்டில் ஒண்ணுகூட ரூம்ல இருக்கக் கூடாது. நம்மளுக்கே இது இன்னான்னு தெரியலன்னு அவங்க எழுதிட்டா அசிங்கம். முடியலன்னா சொல்லிடுங்க, அந்த ரூம கம்ப்யூட்டர் லேபுக்குக் கேட்டுக்கினே இருக்காங்க."

"முடியும் சார்" என்றேன். தோழி என் முதுகுக்குப் பின்னால் நின்று கிள்ளினாள்.

மூன்றாம் ஆண்டு மாணவிகளையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டோம். வகுப்பு முடிந்ததும் கையுறை, முகக்கவசம், ஜன்னல்களெல்லாம் திறந்தபடி வேலை நடக்கும். பழைய ஃபார்மலினை மாற்றி, பாட்டில்களைக் கழுவி, உள்ளே இருப்பதைத் தட்டில் வைத்துப் பார்ப்போம். சுறாவும் திருக்கையும் எளிது. அவற்றுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. மற்றவை கதிர்த்துடுப்பு மீன்கள். குடையைக் கம்பிகள் தாங்குவது போல, துடுப்பைச் சின்னச் சின்னக் கதிர்கள் தாங்கி விரிக்கின்ற மீன்கள். நாம் குழம்பு வைக்கிற கெண்டை, விரால், வஞ்சிரம் எல்லாம் அதில் அடக்கம். உலகத்தில் மீன் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அதுதான் என்பதால், அதற்குள் எந்த வரிசை, எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று இறங்கிப் போவதில்தான் வேலை இருக்கிறது. துடுப்பு முள்ளா, மிருதுவா, செதில் எப்படி, வயிற்றுத் துடுப்பு எங்கே இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கதவு திறக்கும், ஒரு கதவு மூடும். மாணவர்கள் அதை ஒரு விளையாட்டாகவே ஆடினார்கள். ஒரு கெளுத்தியை யார் முதலில் அதன் குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று போட்டி.

வாரங்கள் ஓடின. பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் பெயர் பெற்று அலமாரிக்கு ஏறின. கடைசியில் ஒன்றே ஒன்று மேஜையில் நின்றது.

அது ஒரு சாண் நீளம்கூட இல்லாத மீன். உடம்பில் பாதி தலை. அகன்ற வாய், தடித்த உதடு, தலையின் உச்சியில் வந்து உட்கார்ந்த கண்கள், விசிறி போன்ற பக்கத் துடுப்புகள். பாட்டிலின் வளைவுக்கு ஏற்ப உடம்பு வளைந்து விறைத்துப் போயிருந்தது. முன்முதுகுத் துடுப்பு கிழிந்து, உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மார்புப் பக்கம் சுருங்கி, எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அதன் சீட்டிலும் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. பிள்ளைகள் அதற்குப் பெருந்தலை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"உளுவை" என்றேன் நான் முதல் பார்வையில். ஆற்றிலும் ஏரியிலும் அடித்தரையில் கிடக்கும் சின்ன மீன் அது.

"கெடையாது" என்றாள் தோழி. "டோட்ஃபிஷ். நம்ம கடல்லயே இருக்குது. வாயப் பாரு, தேரை மாதிரி."

இரண்டுக்குமே நியாயம் இருந்தது. தரையில் ஒட்டிக் கிடந்து வாழும் மீன்கள் எந்தக் குடும்பமாக இருந்தாலும் ஒன்றைப் போல ஒன்று ஆகிவிடுகின்றன. தலை பெருக்கும், வயிறு தட்டையாகும், கண் மேலே ஏறும். தோற்றத்தை நம்பினால் ஏமாந்து போவோம் என்று பாடம் எடுப்பவள் நான். ஆனாலும் உளுவை என்றுதான் பிடிவாதம் பிடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரைக் கூட்டிக்கொண்டு கோமுகி அணைப் பக்கம் போனேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் கல்வராயன் மலை முழுசாக எதிரே வந்து நிற்கும். வண்டியின் முன்னால் எங்கள் கடையிலிருந்து எடுத்த மூடி போட்ட வாளி. அணையில் மீன் பிடிப்பவர்களிடம் உயிரோடு உளுவை வேண்டும் என்று கேட்டபோது, கணவர் தள்ளி நின்று சிரித்தார்.

"கொழம்புக்கு வாங்கறவங்க யாரும் உசுரோட இருக்குதா, வயித்துல துடுப்பு எப்டி இருக்குதுன்னு திருப்பித் திருப்பிப் பாக்க மாட்டாங்க. உன்ன பைத்தியம்னு நெனச்சிக்கினாங்க."

"நீங்க இன்னா நெனக்கிறீங்க?"

"நானா? கட்டிக்கினேன், இன்னா பண்றது" என்றார்.

வாளியைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், ஒரு உளுவையை ஈரக்கையில் ஏந்தித் திருப்பினேன். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து சின்னக் கிண்ணம் போல இருந்தன. ஓடும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகாமல் கல்லோடு ஒட்டிக்கொள்ள அது உதவும். உடம்பு முழுக்கச் செதில். பெருந்தலையைத் திருப்பிப் பார்த்தோம். வயிற்றுத் துடுப்புகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தனித்தனியாக, ஒல்லியாக இருந்தன. செதில் மருந்துக்கும் இல்லை. தோலில் அங்கங்கே மணல் போல் நெருடல், அவ்வளவுதான்.

உளுவை இல்லை. தோற்றுப்போனேன். ஆனால் அந்தத் தோல்வியில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பல வருஷமாகப் பாடமாக நடத்திக்கொண்டிருந்த ஒன்றை முதல்முறையாக நானே செய்து, நானே பொய் என்று நிரூபித்திருந்தேன்.

"அப்ப டோட்ஃபிஷ்தான்" என்று தோழி பெயர்ச்சீட்டு எழுதப் பேனாவை எடுத்தாள்.

"இரு. அதையும் நிரூபி."

அவள் பேனாவை மூடி வைத்தாள். இருவரும் புத்தகங்களில் உட்கார்ந்தோம். டோட்ஃபிஷ்ஷுக்கு வயிற்றுத் துடுப்பு தொண்டைக்குக் கீழே முன்தள்ளி இருக்கும். முன்முதுகுத் துடுப்பில் முள் ரொம்பக் கம்மி. எங்கள் மீனில் வயிற்றுத் துடுப்பு தொடங்கும் இடமும் முதுகுத் துடுப்பும்தான் சிதைந்திருந்தன. அதைப் பிய்த்துப் பார்க்க மனசு வரவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. அப்போது அவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பிலிருந்து ஒரு நீட்சி கன்னத்தைக் கடந்து, செவுள் மூடிக்கு முன்னால் இருக்கும் எலும்பைத் தொட்டுப் பாலம் போல நிற்கும் மீன்கள் உண்டு. தேள்மீன்கள், சப்பைத்தலை மீன்கள், குளிர்நாட்டு ஸ்கல்பின்கள். டோட்ஃபிஷ்ஷுக்கு அந்தப் பாலம் கிடையாது.

"இந்தப் பாலத்த நீ எப்பயாச்சும் பாத்துருக்கியா?" என்றாள்.

"படத்துலதான்."

"நானும்."

கள்ளக்குறிச்சி மீன் கடைகளுக்குக் கடலூரிலிருந்து மீன் வரும். மறுநாளிலிருந்து நான் காலையில் அங்கே போய் நின்றேன். வஞ்சிரமும் சங்கராவும் எனக்கு வேண்டாம். யாரும் கேட்காமல் ஓரத்தில் கிடக்கும் கலப்பு மீன் குவியலைத்தான் கிளறினேன். ஒரு நாள் கிடைத்தது, முதலைத் தலை போலச் சப்பட்டையான தலையோடு ஒரு சப்பைத்தலை மீன். வீட்டுக்குக் கொண்டுவந்து, உடம்பைக் குழம்புக்கு ஒதுக்கிவிட்டு, தலையை மட்டும் பழைய பாத்திரத்தில் வேகவைத்தேன்.

என் மாமியார் அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"உப்பு போட்டியா?"

"இல்ல மாமி. இது சாப்புட இல்ல."

"பின்ன?"

"எலும்பப் பாக்கணும்."

மாமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒடம்பையாவது ஒழுங்கா வையி" என்று சொல்லிப் போய்விட்டார்.

வெந்த தசையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாக நீக்கினேன். கண்குழிக்குக் கீழே விரல் நகம் போல ஒரு எலும்பு. அதிலிருந்து ஒரு தண்டு நேராகக் கன்னத்தைத் தாண்டிப் போய் அடுத்த எலும்பில் முட்டிக்கொண்டு நின்றது. ஊசியால் தட்டிப் பார்த்தேன். கெட்டி. படத்தில் ஒரு கோடாக இருந்தது என் கையில் கனமாக இருந்தது. "வந்துடுச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமி திரும்ப ஓடிவந்தார்.

"இன்னாடி வந்துச்சி?"

காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "கதவுக்குப் போடற தாழ்ப்பா மாதிரி இருக்குது" என்றார். பிறகு வகுப்பில் அந்த எலும்பை விளக்கும்போது தாழ்ப்பாள் என்றுதான் சொன்னேன்.

தேடவேண்டியது என்ன என்பது தெரிந்துவிட்டது. பெருந்தலையின் கன்னத்தை அறுக்காமல் அதை எப்படிப் பார்ப்பது? வழி சொன்னது என் கணவர். எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஒரு பல் டாக்டர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார், எங்கள் வயதுப் பெண்.

"அவங்ககிட்ட எக்ஸ்ரே இருக்குதே. பல்லுக்கு எடுக்கறது, சின்ன மெஷினு. உன் மீனுக்குத் தலைதானே வேணும்?"

கேட்கப் போனபோது டாக்டர் சிரித்துவிட்டுத்தான் சரி என்றார். நோயாளிகள் எல்லாம் போன மதிய இடைவேளையில் வரச் சொன்னார். நானும் தோழியும் பெருந்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து, பலமுறை அலசி, ஃபார்மலின் நெடியைக் குறைத்து, மூடி இறுக்கமான டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் தட்டில் பிளாஸ்டிக் உறை விரித்து மீனைப் படுக்கவைத்தார். தலைக்குக் கீழே சின்ன உணர்கருவியைச் செருகினார்.

"வாயத் தொறக்கச் சொல்லட்டுங்களா?" என்றார் முகத்தை மாற்றாமல்.

தோழி சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

கணினித் திரையில் முதல் படம் மங்கலாக வந்தது. மீனைக் கொஞ்சம் சாய்த்து மறுபடி எடுத்தார். கறுப்புப் பின்னணியில் ஒரு மீன் தலை வெள்ளையாக எழுந்தது. தாடையில் பொடிப் பொடியாகப் பற்கள். செவுள் மூடியின் முன்விளிம்பில் கொக்கி போல முட்கள். கண் இருக்கும் வட்டம். அந்த வட்டத்தின் அடியிலிருந்து, கன்னத்தைக் கடந்து, ஒரு வெள்ளைக் கம்பி.

தோழி என் கையைப் பிடித்தாள்.

"டோட்ஃபிஷ் இல்லப்பா" என்றாள் மெதுவாக.

"இல்ல."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல நியூஸா, கெட்ட நியூஸா? யாராச்சும் சொல்லுங்களேன்."

அப்படியே நாங்கள் அவர் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து மீதியையும் பார்த்தோம். முன்முதுகுத் துடுப்பின் முட்களைக் காட்ட, உடம்பையும் துண்டு துண்டாகப் படம் எடுத்துக் கொடுத்தார். டோட்ஃபிஷ்ஷுக்கு இருக்கவேண்டியதைவிட முட்கள் எக்கச்சக்கமாக இருந்தன. வயிற்றுத் துடுப்பில் ஒரு முள்ளும் அதோடு விரல்விட்டு எண்ணக்கூடிய சில கதிர்களும் மட்டும். சப்பைத்தலை மீன் என்றால் செதில் இருக்கவேண்டும், இதற்கு இல்லை. தேள்மீனுக்குத் தலை உச்சியில் இருக்கும் முட்களும் இதில் இல்லை. ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்து ஒன்றுதான் திறந்திருந்தது. ஸ்கல்பின். குளிர்நாட்டு ஓடைகளில் கல்லுக்கடியில் வாழ்வது.

"நம்ம நாட்டு ஆத்துல, ஏரியில எங்கயும் இல்லாத மீனு. கள்ளக்குறிச்சிக்கு எப்டி வந்துச்சின்னு சொல்றது? யாராச்சும் நம்புவாங்களா?" என்றாள் தோழி.

துறைத்தலைவர் நம்பவில்லை. "மேடம், புத்தகத்துல பாத்துப் பாத்து உங்களுக்கு அதுவாவே தெரியுது. உளுவைன்னு எழுதி உள்ள வைங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"உளுவை இல்லன்னு தெரிஞ்சப்புறம் எப்டி சார் எழுதறது?"

அவர் மேஜையிலிருந்த எக்ஸ்ரே பிரின்ட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாராச்சும் பெரிய ஆளு ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன்" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

எழுதினோம். வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் இந்த மீன்களையே வாழ்நாள் வேலையாகச் செய்யும் ஒரு பெண் ஆய்வாளருக்குப் படங்களையும், நாங்கள் ஒவ்வொன்றாக ஒதுக்கிய விதத்தையும் மின்னஞ்சலில் அனுப்பினோம். அனுப்பிய பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது. பல் டாக்டர் எக்ஸ்ரே, கடையில் வாங்கிய மீன் தலை, வீட்டு அடுப்பு. இதையெல்லாம் படித்து அந்த அம்மாள் என்ன நினைப்பார்?

பதில் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். தோழி கதவருகே வந்து நின்று, பேசாமல் கட்டைவிரலை உயர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லோருமாகத் துறைக்கு ஓடினோம்.

ஸ்கல்பின்தான். நன்னீர் ஸ்கல்பின். பேரினம் வரைக்கும் உறுதியாகச் சொன்னார். எந்த ஊர் ஓடையில் பிடித்தது என்று தெரியாமல் இனம் சொல்ல முடியாது என்றார். எப்போதோ குளிர்நாட்டுக்குப் போய் வந்த ஒரு பேராசிரியர் மாணவர்களுக்குக் காட்டக் கொண்டுவந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். எங்களுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை, இன்றுவரை. பல் மருத்துவ எக்ஸ்ரேயை அவர் ரொம்பவே பாராட்டியிருந்தார். மாமியின் அடுப்பைப் பற்றியும் ஒரு வரி இருந்தது.

கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம். நாங்கள் அந்த மீனைப் பழைய பாடப்புத்தகத்தின்படி தேள்மீன் வரிசையில் வைத்திருந்தோம். அந்தக் கன்னத்துப் பாலம் இருக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த வரிசை அது. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபின் பலர் அந்த வரிசையையே கலைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். தேள்மீன்களும் ஸ்கல்பின்களும் இப்போது பெர்ச் என்ற மீனின் பெயரில் இருக்கும் பெரிய வரிசைக்குள் போய்விட்டன. அங்கேயும் தேள்மீன்களைவிட ஸ்கல்பின்களுக்கு நெருங்கிய சொந்தம், முதுகில் முள் வரிசை உள்ள ஸ்டிக்கிள்பேக்கும் பாம்பு போல் நீண்ட ஈல்பவுட்டும்தான். நம் ஊர் ஆள் யாரும் பார்த்திராத குளிர்க்கடல் உறவுகள்.

எந்த எலும்பைக் கண்டு கூத்தாடினோமோ அந்த எலும்பை வைத்துக் கட்டிய வீடே இல்லையாம். பெரிய அட்டையில் வண்ணம் தீட்டி, தேள்மீன் வரிசை என்று தலைப்பெழுதி, படம் வரைந்து முடித்திருந்தார்கள் பிள்ளைகள். ஆய்வுக்குழு வர நாள் நெருங்கிவிட்டது.

துறைத்தலைவர் மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கை கொடுத்தார், எங்கள் இருவருக்கும், பிள்ளைகளுக்கும். பிறகு சொன்னார்: "அட்டைய மாத்தாதீங்க. பரிச்சைக்குப் பாடபுஸ்தகம்தான். கொழப்பம் ஜாஸ்தியாவும்."

அப்போது பேசியது ஒரு மாணவி. வெள்ளிமலைப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறவள், வகுப்பில் அதிகம் பேசாதவள். "சார், பழசையும் வைப்போம், புதுசையும் வைப்போம். ஏன் மாறுச்சின்னு நாங்க சொல்றோம்."

துறைத்தலைவர் அவளைப் பார்த்தார். "கேட்டா சொல்லிடுவியா?"

"சொல்லிடுவேன் சார்."

"அப்ப சரி."

இரண்டாவது அட்டை ஒரே மூச்சில் தயாரானது. ஒன்றில் எலும்பைப் பார்த்துக் கட்டிய மரம், மற்றதில் மரபணுவைப் பார்த்துக் கட்டிய மரம். நடுவில் பெருந்தலை, புது ஃபார்மலினில், புதுக் கண்ணாடியில், பக்கத்தில் அதன் எக்ஸ்ரே. சப்பைத்தலை மீனின் எலும்பும் வெள்ளைத் துணிமேல் இருந்தது. கோமுகி உளுவைக்கும் ஒரு பாட்டில்.

ஆய்வுக்குழுவில் வந்த மூத்த பேராசிரியர் ஒருவர் மீன்துறைக்காரர் என்பது எங்களுக்குத் தெரியாது. அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் பெருந்தலையின் முன்னால் நின்றார். பெயர்ச்சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது ஸ்கல்பின்னு யாரு சொன்னது?"

மலைக்கிராமத்து மாணவி முன்னால் வந்தாள். செதிலில் தொடங்கினாள். உளுவையின் கிண்ணத்தைக் காட்டினாள், கன்னத்துத் தாழ்ப்பாளைக் காட்டினாள், கதவு கதவாக மூடிக்கொண்டு போனாள். அவர் குறுக்கே கேட்டார்: "அந்த எலும்பு ரெண்டுக்குமே இருக்குதே, அப்புறம் ஏன் தேள்மீனையும் இதையும் பிரிச்சாங்க?"

"ஒரே மாதிரி மூக்கு இருக்கறவங்கல்லாம் ஒரே வூட்டுக்காரங்க ஆயிட மாட்டாங்க சார். எலும்பு அடையாளம் காட்டுச்சி, அது பொய்யில்ல. சொந்தம் யாருன்னு டி.என்.ஏ. சொல்லுச்சி. ரெண்டும் வேற வேற கேள்வி."

அந்தப் பேராசிரியர் கை தட்டத் தொடங்கினார், தனியாக. பிறகு குழுவில் வந்த மற்றவர்களும் தட்டினார்கள். கடைசியாக எங்கள் துறைத்தலைவர், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி. நான் தோழியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் காதருகே, "அழாத, மை கலையுது" என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

அறை எங்களுக்கே நின்றது. கம்ப்யூட்டர் லேபுக்கு வேறு இடம் தேடினார் துறைத்தலைவர், தேடிப் பிடித்தும்விட்டார். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ரிஷிவந்தியத்திலிருந்தும் எலவனாசூர்கோட்டையிலிருந்தும் வேன் வைத்து வந்தார்கள். பல் டாக்டர் ஒரு நாள் தன் பெற்றோரைக் கூட்டிவந்து, "இது என் பேஷன்ட்டு" என்று அறிமுகம் செய்தார்.

அந்த மூத்த பேராசிரியர் போவதற்கு முன் என்னிடம் நேராகக் கேட்டார், ஆராய்ச்சிப் பட்டம் ஏன் இல்லை என்று. பிள்ளைகள், வீடு என்று தொடங்கினேன். அவர் காரணத்தைக் கேட்கவில்லை. என்ன தலைப்பில் செய்வீர்கள் என்று கேட்டார். எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாய் தானாகச் சொன்னது: "கல்வராயன் மலை ஓடை மீன்கள்."

வீட்டில் சொன்னபோது என் கணவர் கடைச் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "மலைக்குப் போய் வரணுமே, யாரு கூட்டினு போவாங்க?" என்றார்.

"நீங்கதான்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

பதிவு செய்தேன். மழைக்காலம் முடிந்து ஓடைகள் தெளிந்ததும் முதல் களப்பணிக்கு, முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, நாங்கள் மலையேறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் தோழிக்குத் தலை சுற்றியது. வெள்ளிமலையில் இறங்கி டீ குடித்ததும் சரியானாள். மாணவி எங்களுக்காகப் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். அவள் அப்போது எம்.எஸ்ஸி. சேர்ந்துவிட்டாள். மேகம் அருவிக்கு மேலே, கடுக்காய் மரங்களுக்கு நடுவே ஓடும் ஓர் ஓடையில் நாங்கள் வலையை விரித்தோம். கணவர் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வலையின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். தண்ணீர் குளிர்ந்து, அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

வலையைத் தூக்கியதும் உள்ளே வெள்ளியும் பழுப்புமாகத் துள்ளின. தண்ணீர்த் தட்டில் விட்டோம். கல்லை உறிஞ்சிப் பிடிக்கும் வாயோடு ஒன்று, மீசை வைத்த அயிரை ஒன்று. இன்னொன்று வாலருகே கறுப்புப் புள்ளியோடு விருட்டென்று ஓடி ஓடி முட்டியது.

"இது இன்னாங்க?" என்றாள் மாணவி என்னைப் பார்த்து.

"தெரியாது" என்றேன்.

அந்த வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாக நான் சொன்னதே இல்லை. தோழி கேமராவை எடுத்தாள். கணவர் ஓடையின் நடுவிலிருந்து, "தெரியாததுக்கு ஏன் மூணு பேரும் சிரிக்கிறீங்க? அடுத்த வலை போடலாமா, வாணாமா?" என்று கத்தினார்.

"போடுங்க" என்று மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் வலையை உதறி விரித்தார்.